கூடியிருந்து பின்னிய காலுறை

பெண்கள் நாலைந்து பேர் ஓரிடத்தில் கூடியிருந்து கைவேலை செய்தால், வேலை பாதி, கதை பாதி என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. பெட்டி இழைக்கும் இடமாயினும் சரி, தையல் வகுப்பாயினும் சரி, இந்தப் பேச்சு எழாமல் விடுவதில்லை. வீட்டிலிருந்தே செய்யலாமே, அங்கே போய் என்ன ஊர்க்கதை என்று கேட்கும் ஆண்கள் உளர், மாமிமாரும் உளர். இவர்களுக்குப் பதில் சொல்லக் காலுறை பின்னிய சில ஊர்களின் கதை உதவும். எமது வெயிலுக்குக் கம்பளிக் காலுறை வேண்டியதில்லைத்தான். ஆயினும் அதைப் பின்னியவர்கள் சிறு நிலமும் சில கால்நடைகளும் வைத்திருந்த கமக்காரக் குடும்பத்தினர். கமத்தால் வந்தது போதாமல் ஊசி எடுத்தவர்கள்.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோர்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்குகளில் டென்ற் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரும் அயற்கிராமங்களும் பல தலைமுறைகளாகக் கைப்பின்னலுக்குப் பேர் பெற்றிருந்தன. பெண்கள் மாத்திரமன்றி ஆண்களும் பிள்ளைகளும் பின்னினர். மந்தை மேய்ப்பவரும் சந்தைக்கு நடப்பவரும் கையில் பின்னலுடனேயே போவர். இடுப்புப் பட்டியில் செருகிய மரக்கூடு ஒன்றில் வலக்கை ஊசியின் அடியை நுழைத்துக்கொள்வார்கள். ஊசியின் பாரத்தைக் கூடு தாங்குவதால் விரல்கள் விரைவாக ஓடும். அந்தக் கூட்டில் அழகாகச் சித்திரம் செதுக்கித் தான் விரும்பிய பெண்ணுக்குக் கொடுப்பது அங்குள்ள இளைஞரின் வழக்கமாம்.

குளிர்கால இரவுகளில் அயலவர்கள் முறைவைத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் கூடினார்கள். ஒரு வீட்டில் நெருப்பு எரிந்தால் மற்ற வீடுகளில் எரிபொருள் மிச்சம். அடுப்பு வெளிச்சத்திலேயே பின்னியதால் விளக்குச் செலவும் இல்லை. பழங்கதைகளும் பாட்டும் நடக்கும். கை மாத்திரம் நிற்பதில்லை. 1838இல் வெளியான தமது நூலில் வில்லியம் ஹோவிற் இதனை விவரித்துள்ளார். கூடியிருத்தல் வீண்செலவு என்போர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

காலுறை பின்னத் தெரிந்தவர்களுக்கு வேறொரு விடயமும் தெரியும். நாலைந்து சிறிய ஊசிகளில் ஏறத்தாழ 60 முதல் 72 கண்ணி வரை ஏற்றி, மூட்டு இல்லாமல் வட்டமாகப் பின்னிக்கொண்டு போவதே காலுறை. பெரியவர் ஒருவரின் சோடிக்கு மெல்லிய நூல் 100 கிராம் அளவு போதும். கணுக்காலுக்கு மேலுள்ள பகுதி ஒரேவிதமாகப் போவது. அதைப் பேசிக்கொண்டே பின்னலாம், கண்ணை மூடிக்கொண்டும் பின்னலாம். குதிக்கால் அப்படியல்ல. பாதிக் கண்ணிகளை மாத்திரம் முன்னும் பின்னுமாகப் பின்னி, குறுக்கித் திருப்பி, பின்பு ஓரங்களில் புதிய கண்ணி எடுத்து மறுபடியும் வட்டத்துக்கு வரவேண்டும். ஒரு கண்ணி தவறினாலும் காலுறை கோணும். ஆதலால் குதிக்காலை வீட்டில் தனியே இருந்து திருப்பிவிட்டு, நீளப் பின்னலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோவதே புத்தி. இன்று பிரித்தானியாவில் சிநேகிதிகள் சிலர் வார இறுதியில் வெளியூரில் ஒரு வீடெடுத்துத் தங்கி, இரண்டு நாளும் பின்னலும் பேச்சுமாகக் கழிப்பதுண்டு. அவர்களும் இந்த முறையையே கைக்கொள்கிறார்கள். தனிமைக்கு உரிய வேலை ஒன்று, கூட்டத்துக்கு உரிய வேலை இன்னொன்று என்பது எல்லாக் கைப்பணிக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் இனிப்பாக மாத்திரம் எழுதிவிட்டால் அது பொய்யாகும். டென்ற் ஊருக்குப் பின்னல் பழக அனுப்பப்பட்ட இரண்டு சிறுமியரின் கதை ராபர்ட் சவுதி என்ற கவிஞரின் நூலொன்றில் இருக்கிறது. ஓயாத பின்னலைத் தாங்கமாட்டாமல் அந்தச் சகோதரிகள் தங்கள் ஊருக்கு நடந்தே ஓடிப்போனார்கள். மேலும், 1589இலேயே வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்திருந்தார். பொறிகள் பெருகப் பெருகக் கைப்பின்னலின் விலை விழுந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் டென்ற் பகுதியில் அந்தத் தொழில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. கைத்திறன் குறைந்ததால் வந்த வினையல்ல அது. வாங்குவார் இல்லாமற் போயினர். மூன்று மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கொடுத்து, சந்தை எங்கே என்று சொல்லாமல் போய்விடும் திட்டக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஸ்கொற்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லண்ட் தீவுகளின் கதைதான் எமக்கு மிகவும் நெருங்கியது. அங்கே ஆண்கள் கடலுக்குப் போக, பெண்களே தோட்டத்தைப் பார்த்தார்கள். எரிப்பதற்கான கரிமண்ணைக் கூடையில் முதுகிற் சுமந்து நடக்கும்போதும் அவர்களின் கைகள் பின்னிக்கொண்டிருந்தன. 17ஆம் நூற்றாண்டில் ஹெரிங் மீன் பிடிக்க வந்த ஒல்லாந்தருக்கு அவர்கள் காலுறை விற்றார்கள். பிற்காலத்தில் வியாபாரம் உள்ளூர்க் கடைக்காரர் கைக்குப் போயிற்று. பெண்கள் தம் பின்னலைக் கடைக்குக் கொண்டுபோனால் காசு கிடையாது. தேயிலை, துணி என்று சாமானாகவே கிடைக்கும். சிலவேளை கடன் சீட்டு ஒன்று. சோற்றுக்கு மாவு வேண்டியவள், கிடைத்த தேயிலையைக் கொண்டு அலைந்து மாவுக்கு மாற்ற வேண்டும். காசாகக் கேட்டால் விலை குறையும் என்பார்கள்.

1872இல் அரச விசாரணை ஒன்று நடந்தது. வில்லியம் கத்றி என்னும் சட்டவறிஞர் தீவின் தலைநகரான லேர்விக்கில் அமர்ந்து சாட்சியம் கேட்டார். பின்னற்காரப் பெண்கள் பலர் முன்வந்து தம் வாயாலேயே சொன்னார்கள்: எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு நூல், கையில் வந்தது என்ன. தனித்தனியே கடைவாசலில் நின்றபோது ஒவ்வொருத்திக்கும் தன் கஷ்டமாக மாத்திரம் தெரிந்தது, அந்த அறிக்கையில் சேர்ந்து வந்தபோது தீவு முழுவதற்கும் பொதுவான வழக்கமென்று தெரிந்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டிலிருந்து பின்னிய கம்பளிப் பொருட்களுக்கும் காசாகவே கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. சட்டம் வந்தவுடன் எல்லாம் சீரானதாக எண்ண வேண்டாம். பழைய வழக்கம் இலகுவில் விடவில்லை.

நிலத்தை விட்டு வந்த குடும்பத்தில் கைவேலைக் காசு சிறு காசு அல்ல. பல வீடுகளில் அடுப்பு அதனால்தான் எரிந்தது. அப்படியிருக்க, தன் பொருளுக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன விலை கிடைத்தது என்று அறியாமல் ஒரு பெண் விற்பது எத்தனை நட்டம்! வாங்க வருபவர் வீடு வீடாகப் போய்த் தனித்தனியே விலை பேசுவது சும்மா அல்ல. ஊர்க்கதை என்று நாம் கேலி செய்யும் பேச்சில்தான் விலையும் அடிபடுகிறது, ஏமாற்றும் வெளிவருகிறது. யாருடைய மகளுக்குக் கலியாணம் என்பதும் இடையிடையே வரும். வரட்டுமே.

காலுறை பின்னுகிறவர்கள் பக்கத்தில் ஒரு சிறு கொப்பி வைத்திருப்பார்கள். முதலாவது காலுறையில் எத்தனை வரிசை பின்னினோம் என்று குறித்துவைக்காவிட்டால் இரண்டாவது அதற்குச் சோடியாக வராது. அதே கொப்பியின் பின்பக்கத்தில் நூல் வாங்கிய விலை, செலவான நாட்கள், கையில் வந்த காசு என மூன்றையும் எழுதலாம். பிறகு கூடும் நாளில் அதைத் திறந்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.