ஆப்பரா பார்க்க இத்தாலியன் தெரியணுமா?

"ஆப்பராவா? அதெல்லாம் கோட்டு சூட்டு போட்ட பெரிய மனுஷங்க சமாச்சாரம். மொழியும் புரியாது. நமக்கெதுக்குப்பா?"

மாண்ட்ரியலில் படிக்கும் நம்மாட்கள் பலர் சொல்வது இது. கூத்து பார்த்த ஊர்க்காரனுக்கு ஆப்பரா பார்க்கிற வித்தை ஏற்கெனவே பாதி தெரியும் என்பது என் கட்சி.

முதலில் மொழி. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கிற பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கில்தான் இருக்கும். பார்க்கிறது தமிழ்க் கூட்டம். இரணியன் சாகப் போறான்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சேதான் வந்து உட்கார்றாங்க. என்ன நடக்கும்னு பார்க்க இல்லை, எப்படிப் பாடப் போறாங்கன்னு கேட்க.

ஆப்பராவும் அப்படித்தான். சினிமா மாதிரி சஸ்பென்ஸைக் காப்பாத்த வேண்டாம். கடைசிச் சாவு வரைக்கும் கதையைப் படிச்சுட்டுப் போங்க. மிச்சத்துக்கு மேடைக்கு மேலே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வரிகள் ஓடும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்ததே கனடாதான். 1983-ல் டொரோண்டோவில் கனேடியன் ஆப்பரா கம்பெனி 'எலெக்ட்ரா'வுக்கு முதலில் செய்தது.

அடுத்த புகார்: "ஏன் இப்படிக் கத்துறாங்க?" மைக் கிடையாது சாமி! 1980-ல் தொடங்கிய ஆப்பரா த மாண்ட்ரியலின் பெரிய நிகழ்ச்சிகள் நடக்கிற வில்ஃப்ரிட் பெல்லெத்தியே அரங்கில் ஏறக்குறைய 3,000 இருக்கைகள். கீழே முழு ஆர்க்கெஸ்ட்ரா. அதையும் தாண்டி வெறும் தொண்டை கடைசி வரிசைக்குப் போய்ச் சேரணும். எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையை நினைச்சுக்குங்க. ஹெட்ஃபோனில் இரண்டு நிமிஷம் கேட்டுத் தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை.

எதில் தொடங்கலாம்? வாக்னரின் 'ரிங்' இப்போதைக்கு வேண்டாம். நாலு நாடகம், மொத்தம் சுமார் 15 மணி நேரம், ஆளை விடுங்க :-) புச்சினியின் 'லா போயெம்' (1896) பாருங்க. பாரீஸ் மொட்டை மாடி அறையில் காசில்லாத நாலு பசங்க. குளிர் தாங்காமல் ஒருத்தன் தான் எழுதிய நாடகத்தையே அடுப்பில் போடுறான். வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரை ஊத்திக்கொடுத்துப் பேச்சில் மயக்கி அனுப்பிடுறாங்க. மைனஸ் 20-ல் பகிர்ந்த அறையில் குடியிருக்கிறவனுக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டா? பக்கத்து அறைப் பெண் மீமி காசநோயில் சாகும்போது, இத்தாலியன் தெரியாதது ஒரு குறையாகவே இருக்காது.

டிக்கெட் விலைக்குப் பயந்தால் மேல் பால்கனியில் வாங்குங்க. குரல் அங்கேயும் வரும். ஜீன்ஸ் போட்டுப் போனால் யாரும் விரட்டப் போறதில்லை. உண்மையில் நம்மைத் தடுப்பது மொழியும் இல்லை, காசும் இல்லை. 'இது நம்ம இடம் இல்லை' என்கிற கூச்சம்தான். அந்தக் கூச்சத்தோடு நாலு வருஷம் இங்கே படிச்சு முடிச்சா, வகுப்பையும் வேலை செய்த கடையையும் தவிர இந்த ஊரில் எதையும் பார்த்திருக்க மாட்டோம்.

பிடிக்கலையா, இடைவேளையிலேயே எழுந்து வந்துடுங்க. ப்ளாஸ் தே ஸார் மெட்ரோ அடியிலேயே இருக்கு, பனியில்கூட நடக்க வேண்டாம்.