குளித்த நீருக்குத் தனிக் குழாய்



2019-ஆம் ஆண்டுக் கோடையை எளிதில் மறக்க இயலாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் இரயிலில் நீர் வந்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அதே தெருக்களில், அதே நாள்களில், குளித்த நீரும் துணி துவைத்த நீரும் மலக்கழிவோடு கலந்து சாக்கடையில் சென்றுகொண்டிருந்தன. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெறும் நகரம் இது. வானத்தைக் குறைகூறுவது முறையன்று.

தூய குடிநீர் பெறுவது அடிப்படை மனித உரிமை எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் உரைக்கிறது. தனியார் லாரியில் நாம் வாங்கும் நீரோ பெரும்பாலும் புறநகர்ச் சிற்றூர்களின் கிணறுகளில் இறைக்கப்படுவது. அவ்வூராருக்கும் அந்த உரிமை உண்டன்றோ?

இனி, கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டு நகரங்களுக்கு வகுக்கப்பட்ட அளவு. அதில் குளிக்க 55, துணி துவைக்க 20, கழிப்பறைக்கு 30. நூறு பிள்ளைகள் தங்கும் விடுதியில் குளியலும் துவைத்தலும் நாளும் 7,500 லிட்டரை வெளியேற்றும். கழிப்பறைக்கு வேண்டியது 3,000 லிட்டரே. எனினும் விலைக்கு வாங்கிய நல்ல நீரையே அதற்கும் ஊற்றி வருகிறோம்.

இதற்கு வழி காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஜெமினி மேம்பாலத்தருகே, ஜி.என். செட்டி சாலையில், பார்வையோ செவித்திறனோ அற்ற பிள்ளைகளுக்காக அருட்சகோதரியர் நடத்தும் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி உள்ளது. நெதர்லாந்து நாட்டார் ஆதரவுடன் உருவான 'ஆயிரம் குளங்களின் நகரம்' திட்டத்தின் முன்மாதிரியாக, கழிவுநீரைச் செடிப்படுகை வழியே தெளியவைக்கும் அமைப்பு 2022-இல் அங்கே நிறுவப்பட்டது. அதற்கும் முன்னரே, வேதியியல் அறிஞர் இந்துகாந்த் ரகாடே சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கல்வாழைப் படுகையைப் பரப்பினார்.

செய்முறை எளிது. நீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கி மண்டியைப் படியவிடும். பின்னர் சரளைக்கல்லும் மணலும் நிரப்பிய படுகையில் மெல்லக் கசியும். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்கின்றன. செடி அவற்றுக்கு இருப்பிடம் தருகிறது. பெருந்திடலும் வேண்டா. கழிவுநீர் அனைத்துக்குமே வெப்ப நாடுகளில் தலைக்கு ஓரிரு சதுர மீட்டர் போதும் என்பர். குளித்த நீருக்கு மட்டுமெனில் அதனினும் குறைவு.

ஆயினும் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட வேண்டும். கட்டிமுடித்த பின் சுவரை உடைத்துப் பிரிப்பது பெருஞ்செலவு. பங்கு இல்லமோ பள்ளியோ கட்ட எண்ணுவோர் வரைபடத்தை முதலில் நோக்குக! சமையலறையின் எண்ணெய்ப் பசை படுகையை அடைத்துவிடும், அதைச் சேர்க்கலாகாது. குளித்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். தெளிந்த நீரைக் கழிப்பறைக்குக் கொண்டுசெல்லும் குழாய்க்கு வேறு வண்ணம் பூசுதல் நன்று. குழந்தைகள் குடித்துவிடக் கூடாது.

மண்ணும் பார்க்கத்தக்கது. சாந்தோமின் கடற்கரை மணல் நீரை விரைந்து உறிஞ்சும். பழைய நீண்ட ஏரியின் பகுதியில் எழுந்த தியாகராய நகரின் களிமண் அவ்வாறு உறிஞ்சாது. நவம்பர் அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது படுகை நிரம்பிவிடும். மிகைநீர் தெருவின் பாதாளச் சாக்கடைக்குச் செல்ல ஒரு வழி விடுவது கட்டாயம்.

மின்சாரத்தால் காற்றூதும் இயந்திரங்களைப் பலர் பரிந்துரைப்பர். பெரிய குடியிருப்புகளுக்கு அவை பொருந்தலாம். சிறிய விடுதிக்கு நான் பரிந்துரையேன். மின்கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்திவைத்தால், சில நாள்களில் துர்நாற்றம் கிளம்பும். படுகைக்கும் ஆள் வேண்டும்: செடியை வெட்ட, வடிகட்டியைக் கழுவ. அவருக்குரிய ஊதியத்தைப் பங்குப் பேரவை ஆண்டுக் கணக்கிலேயே எழுதட்டும். காவலாளியின் தலையில் கூடுதல் வேலையாகக் கட்ட வேண்டா. பாதுகாப்பு ஏற்பாடின்றி மலத்தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. தொட்டியின் மண்டியை உறிஞ்சும் லாரி உள்ளே வந்து நிற்க இடம் இருக்கிறதா என்பதையும் வரைபடத்திலேயே பாருங்கள்.