பானையைக் கழுவாதீர்கள்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிலையம் பல்லாவரம். 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர். அதை ஏந்திய மனிதன் என்ன தின்றான்? கல்லைக் கேட்டால் சொல்லாது. எலும்பு சொல்லும், ஆனால் செம்புரை மண்ணில் எலும்பு தங்குவது அரிது.

அவனுக்கு வெகுகாலம் பின்னர் வந்த இரும்புக்கால மக்களோ, இறந்தோரைச் சுடுமண் பேழையிலும் தாழியிலும் வைத்துப் புதைத்தார்கள். பல்லாவரத்தில் அத்தகைய பேழை கிடைத்திருக்கிறது. மாணவர்களே, நம் பகுதியில் மனை போடத் தோண்டும்போது இப்படி ஒரு தாழி தட்டுப்பட்டால் என்ன செய்வோம்? மண்ணைக் கொட்டிவிட்டுப் பானையைப் பளிச்சென்று கழுவி வைப்போம். அது தவறு என்பேன். பானையைவிட அந்த மண்தான் உயர்ந்தது!

பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமக்குழியில் நான்கு கால் சாடி ஒன்று இருந்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்! கரிமக் கணிப்பில் அதன் காலம் கி.மு. 490 என வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த உமியின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவித்தார்கள். யாராவது முன்பே கழுவியிருந்தால்?

கருகிய விதைகளைப் பிரிப்பதும் எளிதே. மண்ணை நீரில் கரைத்தால் நீரைவிட அடர்த்தி குறைந்த விதை மிதக்கும், நுண்சல்லடையால் அள்ளிவிடலாம். நீங்கள் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிணத்தோடு வைத்தது படையல். படையலைப் பார்த்து, அன்றாடம் நெற்சோறுதான் உண்டார்கள் என்று முடிவு கட்டலாமா? நம் வீட்டிலும் வடை பாயசம் தினமுமா? அன்றாட உணவுக்கு எலும்பே சாட்சி. கம்பு, கேழ்வரகு போன்ற பயிர்களில் கார்பன்-13 அணுக்களின் விகிதம் நெல்லில் உள்ளதைவிடச் சற்று அதிகம். அவ்வேறுபாடு உண்பவரின் எலும்புப் புரதத்திலும் பதிகிறது. அணுக்களை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமாலைமானி அதை அளந்துவிடும்.

ஓட்டுச் சில்லும் பேசும். மெருகிடாத பானையின் நுண்துளைகளில் சமையல் கொழுப்பு ஊறித் தங்குகிறது. அரியானாவின் ராகிகடி முதலிய இடங்களின் சிந்துவெளிப் பானைகளில் விலங்குக் கொழுப்பின் சுவடுகளைக் கண்ட ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. சோப்புப் போட்டுத் தேய்த்த ஓட்டிலும் வெறுங்கையால் தடவிய ஓட்டிலும் இதைத் தேடுவது கடினமாகலாம். நம் கை எண்ணெயே அதில் ஏறிவிடும்.

ஆகவே தாழி கண்டால் தொடாதீர்கள். இருந்த நிலையிலேயே படம் பிடியுங்கள். ஆசிரியரிடம் கூறி, தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ எழுதுங்கள். அவர்கள் வரும்வரை மழைநீர் புகாமல் மூடிவைத்தால் போதும்.