அசையும் வீடு

வீட்டுக் கடன் கோரி வருவோரிடம் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி ஆகியவற்றைக் கேட்பது என் அன்றாடப் பணி. கிர்கிஸ்தானின் மேய்ப்பர் குடும்பங்கள் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளும் ‘யர்ட்’ என்னும் வட்ட வீட்டிற்கு இவற்றுள் ஒன்றும் இராது. வில்லோ மரக் கழிகளை ஆவியில் வாட்டி வளைப்பர், பின்னல் சுவரைத் தோல் வாரால் பிணைப்பர், ஆணி வேண்டுவதில்லை. ஆட்டு ரோமத்தில் வெந்நீர் தெளித்து, பாயில் சுருட்டி, பலமுறை உருட்டி இறுக்கித் தடித்த கம்பளியாக்குவோர் பெண்கள். தறி கிடையாது. உச்சியில் அமையும் ‘துந்துக்’ வளையம் அந்நாட்டுக் கொடியிலேயே இடம்பெற்றுள்ளது. 2014இல் யுனெஸ்கோ இக்கைத்திறனைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் கணக்கில் இது அசையும் சொத்து. வீட்டுக் கடனுக்கு உரியதன்று. கடனைத் திரும்பப் பெற வேண்டிய வங்கிக்கு அவ்விதி சரியே. ஆயினும் அந்த வீட்டில் ஒரு கழி முறிந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். மாற்றத் தெரிந்தவர் உள்ளேயே வாழ்கிறார். நம்மில் பலர் இருபது ஆண்டுத் தவணைக்குக் கையொப்பமிடுகிறோம். கூரை ஒழுகினால் செப்பனிடுவோர் யார், அதற்குப் பணம் ஏது என்று நான் வினவினால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகின்றனர். விண்ணப்பப் படிவத்தில் இக்கேள்வி இல்லை. தவணைத் தொகையை முடிவு செய்யுமுன் அது கேட்கப்படல் வேண்டும் என்பது என் கருத்து.