மை யாருடைய செலவு?

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்து கேட்டைத் தாண்டியதும் முதல் வேலை, பேனாவை உதறி பக்கத்தில் நிற்பவன் முதுகில் மை அடிப்பது. தமிழ்நாட்டில் இது ஒரு சடங்கு மாதிரி. இதைத் தடுக்க வாசலில் வாத்தியார்கள் காவல் நிற்பார்கள், சில ஊர்களில் போலீஸும் கூட. அடுத்த தெருவுக்குப் போய் அடித்துக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும்!

ஜாலிதான், மறுக்க முடியாது. ஆனால் செலவு யாருடையது? அரசின் இலவசச் சீருடை, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு, அதுவும் 8-ஆம் வகுப்பு வரைதான். பிளஸ் டூ சட்டை சொந்தக் காசு. ஜூனில் பிளஸ் ஒன் சேரப்போகும் தம்பி ஒருவன் வீட்டில் அந்தச் சட்டைக்காகக் காத்திருப்பான். "வேணாண்டா" என்று அண்ணன்காரன் ஓடுவது கூச்சத்தால் இல்லை. அவனைத்தான் துரத்தித் துரத்தி அடிப்பார்கள்.

இதைவிட ஃபேர்வெல் அன்று மேடையில் செய்யும் மிமிக்ரி எவ்வளவோ மேல். "லாஸ்ட் பெஞ்ச்... அங்க என்ன சிரிப்பு?" என்று கெமிஸ்ட்ரி சார் குரலில் ஒருவன் கத்த, முன்வரிசையில் அதே சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். ரெண்டு வருஷ பயம் அங்கேயே காலி. சில பள்ளிகளில் அதையும் முன்கூட்டியே எழுதி வாங்கித் திருத்துகிறார்கள். திருத்தி வந்த தாளில் சிரிப்பு எங்கே இருக்கும்? மேடையில் வாயைக் கட்டினால் பையன் தெருவில் பேனாவைத் திறக்கிறான்.

அப்படியும் கை அரிக்கிறதா? கையெழுத்துப் போடச் சொல்லி தானாகவே முதுகைக் காட்டி நிற்பவன் ஒருவன் எல்லா செட்டிலும் இருப்பான். அவனிடம் போங்கப்பா.