நட்சத்திர ஓட்டலுக்கு விலை: தொழிலாளியின் தட்டிலிருந்து எடுக்கும் கணக்கு!

2019-ம் ஆண்டில் கனடா நாட்டு ப்ரூக்ஃபீல்ட் கம்பெனி பெங்களூர், சென்னை, டில்லி, உதயப்பூர் ஆகிய ஊர்களிலுள்ள நான்கு லீலா ஓட்டல்களை வாங்கியது. ஆக்ராவிலுள்ள சொத்தையும் சேர்த்து விலை 3,950 கோடி ரூபாய்! இவ்வளவு பணம் போட்ட கம்பெனிக்கு அடுப்பு மூட்டத் தெரியுமா? படுக்கை விரிக்கத் தெரியுமா? தெரிய வேண்டியதில்லை. ஊரார் பணத்தைத் திரட்டி, நிலமும் கட்டிடமும் வாங்கி லாபம் பார்ப்பது அதன் தொழில். ஓட்டலும் அதற்கு ஒரு மனைக்கட்டுதான்.

இந்த விலையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? நட்சத்திர ஓட்டலின் விலையில் மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். அக்கறை உண்டு தோழர்களே! கணக்கைப் பாருங்கள்.

கணக்கு இதுதான்

செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் எண்ணி விலை போடுவதில்லை. அறை வாடகை எவ்வளவு, ஆண்டில் எத்தனை நாள் அறைகள் நிரம்புகின்றன என்று பார்த்து வரவு எழுதுகிறார்கள். சம்பளம், மின்சாரம், மளிகை, மராமத்து ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். மிஞ்சும் தொகையை, போட்ட பணத்துக்கு இத்தனை சதவீதம் வரவேண்டும் என்ற விகிதத்தால் வகுக்கிறார்கள். கிடைப்பதே விலை.

ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் மிஞ்சும் ஓட்டல் ஒன்றை எடுத்துக் கொள்வோம். பணம் போடுகிறவன் 10 சதவீதம் எதிர்பார்க்கிறான் என்றால் அதன் விலை 10 கோடி. நிர்வாகம் நிரந்தரத் தொழிலாளரை வெளியே தள்ளுகிறது; காண்டிராக்ட்காரன் மூலம் ஆள் பிடிக்கிறது; சம்பளத்தில் 10 லட்சம் மிச்சம் பிடிக்கிறது. இப்போது மிஞ்சுவது 1 கோடியே 10 லட்சம். விலை 11 கோடி!

கட்டிடத்தில் ஒரு செங்கல் கூடவில்லை. ஓர் அறை கூடவில்லை. ஆனால் தொழிலாளியின் தட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு ரூபாயும் முதலாளியின் ஏட்டில் பத்து ரூபாயாகக் குட்டி போட்டு விட்டது! சம்பள உயர்வு என்றதும் நிர்வாகம் ஏன் துடிக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கண்ணால் கண்டவர்கள். குத்தகை ஏறினால் நிலத்தின் விலையும் ஏறுகிறது. நிலத்துக்கு என்று சொல்லும் விலை உண்மையில் வாரத்தின் விலைதான் என்று மாமேதை மார்க்ஸ் "மூலதனம்" மூன்றாம் பாகத்திலேயே அம்பலப்படுத்தினார்.

பொதுச் சொத்து என்றால்?

தங்கள் ஓட்டலை விற்கும்போது விலையை ஏற்றத் தெரிந்தவர்கள், மக்கள் சொத்தை வாங்கும்போது அதே கணக்கைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். "நட்டம், நட்டம்" என்ற கூச்சல் கிளம்புகிறது. வருமானம் குறைவு என்று எழுதினால் விலை தானாகச் சரியும். காலடியில் கிடக்கும் நிலம் கணக்கிலிருந்து மாயமாகும்!

வாஜ்பாய் சர்க்கார் பொதுத்துறை ஓட்டல்களை வரிசையாக விற்றது. மதுரை அசோக், மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஆகியவையும் தப்பவில்லை. மும்பை விமான நிலையத்தருகே இருந்த சென்டார் ஓட்டல் 2002-ல் 83 கோடிக்குப் போயிற்று. வாங்கியவர்கள் சில மாதங்களில் அதை சஹாரா கம்பெனிக்கு 115 கோடிக்குத் தள்ளி விட்டார்கள். 32 கோடி! இதற்காக அவர்கள் சிந்திய வியர்வை எத்தனை சொட்டு?

அதே ஆண்டில் உதயப்பூர் லட்சுமி விலாஸ் அரண்மனை ஓட்டல், சுமார் 29 ஏக்கர் நிலத்தோடு, 7.52 கோடிக்கு விற்கப்பட்டது. அந்தச் சொத்தின் மதிப்பு 252 கோடி என்று 2020-ல் ஜோத்பூர் சி.பி.ஐ. தனி நீதிமன்றம் கூறியது. ஓட்டலை அரசு கையிலெடுக்க வேண்டும் என்ற அதன் உத்தரவுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. 7.52 எங்கே, 252 எங்கே என்று கேட்பது மக்களின் உரிமை!

"ஓட்டல் நடத்துவதா சர்க்காரின் வேலை?" என்று கனதனவான்களின் பத்திரிகைகள் கேட்கின்றன. நாம் திருப்பிக் கேட்கிறோம்: மக்கள் நிலத்தை மலிவு விலைக்கு மடியில் கட்டி அனுப்புவதா சர்க்காரின் வேலை?

மில் வாசலிலும் இதே கணக்கு வருகிறது. ஆலையை மூடு, நிலத்தை மனையாக்கு, தொழிலாளியைத் தெருவில் நிறுத்து! ஆகவே ஓட்டல் தொழிலாளியின் போராட்டம் நம் போராட்டமே.

பொதுச் சொத்தை விற்காதே!

நிலத்தின் மதிப்பை மறைக்காதே!

காண்டிராக்ட் தொழிலாளரை நிரந்தரமாக்கு!

இந்தக் கோரிக்கைகளைச் சங்கக் கூட்டங்களில் வையுங்கள். விலை பேசுகிறவர்களின் ஏட்டில் நாம் கழித்தல் குறியாக இருக்கிறோம். ஒன்றுபட்டு நின்றால் அந்த ஏட்டையே நாம் திருத்தி எழுதலாம்!