வெற்று நிலம் எங்கே உளது?

சிறுவயதில் ஆடித் தோற்ற கணினி விளையாட்டை வளர்ந்தபின் மீண்டும் ஆடி வெல்வது இன்று பலர்க்கும் உவப்பானதாகியுள்ளது. நகரமைப்பு விளையாட்டுகள் இவ்வகையிற் சிறப்பிடம் பெறுவன. 1989 இல் வெளிவந்த 'சிம் சிற்றி' அவற்றுள் முதன்மையானது எனலாம். அன்று பணம் தீர்ந்து, மின்சாரம் நின்று, தன் நகரம் பாழாகக் கண்ட சிறுவன் இன்று பட்டதாரியாகி அதே நகரைச் செழிக்க வைக்கிறான். அறிவு முதிர்ந்துவிட்டதென மகிழ்கிறான். முதிர்ந்தது அறிவுதானா என்பதே ஈண்டு எழும் வினா.

அதனை ஆக்கிய வில் றைற், 1984 இல் குண்டுவீச்சு விளையாட்டொன்றை உருவாக்குகையில், தீவுகளை அழிப்பதினும் அவற்றை அமைப்பதே இனிதெனக் கண்டவர். அவ்வுள்ளம் போற்றற்குரியது. வீடும் தொழிலும் வரியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதைச் சிறுவர்க்கு அவர் உணர்த்தியதும் மெய்யே. ஆயின் அவர் துணைக்கொண்டவற்றுள் ஜே பொரெஸ்ரர் 1969 இல் வெளியிட்ட நகர இயக்கவியல் நூலும் ஒன்று. வறியோர் குடியிருப்புகளை ஆண்டுதோறும் இடித்துக் குறைப்பது நகருக்கு நலம் பயக்கும் எனக் கணினிக் கணக்கால் முடிபு கூறிய நூல் அது. நகர எல்லையைக் கடந்து வெளியேறியவன் அக்கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறான்.

விளையாட்டும் அத்தகையதே. தொடக்கத்தில் நிலம் வெறுமையாய்க் கிடக்கும். ஆறு உண்டு, மரம் உண்டு. குடி இல்லை, கோயில் இல்லை, சுடலை இல்லை. கைதேர்ந்தோர் கையாளும் உத்தி ஒன்றுண்டு: புகை கக்கும் நிலக்கரி மின்நிலையத்தை வரைபடத்தின் ஓரத்தில் வைத்துவிடுதல். எல்லைக்கு அப்பால் விழும் மாசு எவர் கணக்கிலும் சேராது. சிறுவன் அறியாததும் வளர்ந்தவன் கற்றுக்கொண்டதும் இதுவே.

அவ்வோரத்துக்கு இலங்கையில் ஊர்ப்பெயர் உண்டு. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். மூதூர் கிழக்கிலிருந்து வெருகலாற்றைக் கடந்து தெற்கே வந்தோர் பலர், மட்டக்களப்பின் வடகோடியிலுள்ள கதிரவெளியில், விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் திகதி இராணுவத்தின் எறிகணைகள் அங்கு வீழ்ந்தன. 40 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வகதிகள் விட்டுவந்த பகுதியோ 2007 இல் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல்மின் நிலையத்துக்கும் அங்கேயே இடம் குறிக்கப்பட்டது. 2012 இல் பாரிய கைத்தொழில் வலயமும் வர்த்தமானியிற் பிரகடனமாயிற்று. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உரியவர் முகாம்களில் இருக்க, அவர்தம் நிலம் வரைபடத்தில் வெறுமையாகவே தோன்றிற்று.

'விளையாட்டை விளையாட்டாகக் கொள்க' என்பர் சிலர். நன்று. ஆனால் நாட்டை விளையாட்டாகக் கொண்டவர்க்கு அவர்கள் கூறும் அறிவுரை யாது? திரையில் வலயம் கீறுபவன் எவர் வீட்டையும் பறிப்பதில்லை. வர்த்தமானியில் வலயம் கீறும் கை பறிக்கிறது. இரண்டும் வானிலிருந்து நிலத்தை நோக்கும் ஒரே பார்வையிற் பிறப்பன. அப்பார்வையின் வெற்றியைத் திறமையென மெச்சிப் பழகிய பட்டதாரி, நாளை திட்டமிடல் அலுவலகத்தில் அமர்ந்து, கதிரவெளியை ஓரமென்றே காண்பான். கதிரவெளியில் வாழ்பவர்க்கோ உலகின் நடு அதுவே.

ஆதலின் திட்டமிடலைக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் முதற்பாடத்தை மாற்றுதல் வேண்டும். வரைபடத்திற் கோடு கீறுமுன் அந்நிலத்தின் காணி உறுதிகளையும் கிணறுகளையும் வயல்களையும் உரியவர் பெயர்களையும் மாணவர் நேரிற் சென்று எழுதிவருதல் வேண்டும். ஒரு பெயர் விடுபடினும் கோடு விழலாகாது. இவ்விதி சேருமாயின் விளையாட்டு மறுபடியும் கடினமாகும். கடினமாவதே முறை.